கேட்காத ஜெபம்

சென்ற மழைக்காலத்தில் என் சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டிலில் கீழக்கரையைச் சேர்ந்த வயதான உம்மா ஒருவர். சர்க்கரை நோயால் காலில் புண் வைத்து, விரலை எடுத்திருந்தார்கள். மருமகள் துணைக்கு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை பார்வையாளர் நேரத்தில் ஐந்தாறு பேர் கொண்ட ஜெபக்குழு ஒன்று வார்டுக்குள் வந்தது. சண்டைக்காரர்கள் இல்லை, முகத்தைப் பார்த்தாலே நல்ல பிள்ளைகள் என்று தெரிந்தது. முன்னால் வந்த இளைஞர் ஒவ்வொரு கட்டிலாக நின்று, நோயாளியின் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, உரத்த குரலில் ஜெபித்தார். சித்திக்கு மகிழ்ச்சி. பல்லில்லாத வாயால் ஆமென் சொன்னார். அடுத்து அந்த உம்மாவின் கட்டில். பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. இளைஞரின் கை தலைக்கு வந்ததும் அவர் வெள்ளைத் துப்பட்டியை நெற்றிவரை இழுத்துக்கொண்டார். மருமகள் கையில் ஃபிளாஸ்க்கோடு, என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். ஜெபம் முடிந்தது. "சுகம் கிடைக்கும் பாட்டி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகு உம்மா என் சித்தி பக்கம் திரும்பி, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "நல்ல பிள்ளைகள்தான் அம்மா. ஆனால் நான் ஓதிக்கொண்டிருந்தேன்." போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். தஸ்பீஹ் மணிமாலை. எந்த மணியில் நிறுத்தினாரோ அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது இரண்டு விதமான பதில் வந்தது. பாதிப்பேர், "இரண்டு நல்ல வார்த்தை காதில் விழுந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்கள். மறுபாதி, "இதுதான் மதமாற்றம், இவர்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும்" என்றார்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. நான் தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர், அதாவது சபைப் போதகர். பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் திருச்சபை நடத்தும் ஒரு மருத்துவமனையில் சாப்ளினாகக் கழித்து ஓய்வு பெற்றவள். கட்டிலருகே ஜெபிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவள் என்றுகூடச் சொல்லலாம். அப்படிப்பட்ட எனக்கு அந்த இளைஞரைப் பார்த்து ஏன் அவ்வளவு எரிச்சல் வந்தது என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் திருச்சபை 1947-ல் உருவானது. பெண்களை ஆயர்களாக அபிஷேகம் செய்யத் தொடங்கியது 1970-களில். ஆனால் கடற்கரைக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன். வார்டில் வெள்ளைச் சேலையோடு நான் நின்றால் கத்தோலிக்கர்கள் சிஸ்டர் என்பார்கள், இந்துக்கள் நர்சம்மா என்பார்கள், மற்ற எல்லோருக்கும் நான் டீச்சர். ஆயர் எப்போது வருவார் என்று என்னிடமே விசாரித்தவர்கள் உண்டு. முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். டீச்சர் என்றால் யாரும் பயப்படுவதில்லை. ஆயர் வருகிறார் என்றால் "அவ்வளவுதானா? டாக்டர் கையை விரித்துவிட்டாரா?" என்று முகம் வெளுத்துப்போகும்.

எழுந்து போக முடியாதவர்

பஸ் நிலையத்தில் ஒருவர் ஒலிபெருக்கி வைத்துப் பிரசங்கம் செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பிடிக்காதவர்கள் டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடலாம், பஸ் ஏறிவிடலாம். படுக்கையில் இருப்பவரால் எழுந்து போக முடியாது. கையில் டிரிப்ஸ், மூக்கில் குழாய், கட்டிலுக்குக் கீழே சிறுநீர்ப் பை. மானம் பாதி போன நிலையில் படுத்திருக்கும் மனிதரிடம் நின்றுகொண்டு பேசுகிற யாருக்கும் ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. அதுவும் திருச்சபை மருத்துவமனை என்றால் இன்னும் மோசம். ஜெபம் வேண்டாம் என்று சொன்னால் ஊசி போடத் தாமதிப்பார்களோ, பில்லில் சலுகை கிடைக்காமல் போகுமோ என்று நோயாளி மனதுக்குள் கணக்குப் போடுவார். அப்படி யாரும் செய்யமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? அவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு ஒரு பலமான எதிர்வாதம் இருக்கிறது, அதுவும் எங்கள் கரையிலிருந்தே வருகிறது. இந்தக் கடற்கரையில் யார் ஜெபித்தால் என்ன என்பதுதான் பழைய வழக்கம். ஏர்வாடி தர்காவில் பாதிக்கூட்டம் இந்துக்கள். ராமேசுவரத்துத் தீர்த்தத்தைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறவர்களில் எல்லோரும் சைவர்கள் இல்லை. ஓரியூரில் 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி அருளானந்தர் என்கிற கத்தோலிக்கக் குரு ஜான் டி பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டது. அவர் ரத்தம் சிந்தியதால் அங்கே மணலே சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. அந்தச் செம்மணலைப் பொட்டலம் கட்டி நோயாளிகளுக்குக் கொண்டுவருவார்கள். வார்டில் தலையணை உறை மாற்றும்போது அதன் அடியிலிருந்து என்னென்ன வரும் என்று பழைய நர்சுகளைக் கேட்டுப் பாருங்கள். ஓரியூர் மண், ஏர்வாடித் தாயத்து, விபூதி மடித்த காகிதம், எல்லாம் ஒரே தலையணைக்கு அடியில். இப்படிப்பட்ட மக்களிடம் போய் "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று அனுமதி கேட்பதெல்லாம் படித்தவர்களின் பகட்டு என்று என்னோடு பணிசெய்த ஒரு மூத்த ஆயர் சொல்வார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்த மக்கள் கேட்கத் தயங்குவதே இல்லை. இந்துத் தாய்மார்கள் எத்தனையோ பேர் என் கையைப் பிடித்து இழுத்து, பிள்ளையின் நெற்றியில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்கத் தெரிந்தவர்கள், கேட்க வெட்கப்படாதவர்கள் என்பதால்தான் கேட்காதவரை விட்டுவிட வேண்டும் என்கிறேன். அந்த உம்மாவுக்கு ஜெபிக்கத் தெரியாதா? அவர் ஏற்கெனவே தன் இறைவனோடு பேசிக்கொண்டிருந்தார், குறுக்கே போய் நின்றது நாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோயும் நம்பிக்கையும் சேருகிற இடமெல்லாம் இனிப்பான இடம் என்று இந்த மாவட்டத்துக்காரர்கள் நினைக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உறவினர்கள் அவர்களைக் கொடுமைப்படுத்தவென்று கொண்டுவந்து விடவில்லை. சுகம் கிடைக்கும் என்று நம்பித்தான் விட்டார்கள். நோயாளியின் விருப்பத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பின் உச்ச நீதிமன்றமே தலையிட்டது. பிற்பாடு தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மருந்தையும் துவா என்னும் பிரார்த்தனையையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. தர்காவுக்கு வராதே என்று யாரையும் தடுக்காமல், அங்கேயே மனநல மருத்துவரும் இருக்கிறார் என்று காட்டுகிற முறை. எனக்கு அது மிகவும் பிடித்த ஏற்பாடு.

நோயாளியைப் படிப்பது

மதுரை அரசரடியில் உள்ள இறையியல் கல்லூரியில் எங்களுக்குப் பிரசங்கம் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள், கிரேக்கம் சொல்லிக்கொடுத்தார்கள். சேரியிலும் போராட்டத்திலும் இறங்கி வேலை செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்காக அந்தக் கல்லூரிக்கு நான் என்றும் கடன்பட்டவள். ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றது வேலூரில். சி.எம்.சி. மருத்துவமனையின் சாப்ளின் துறையில் ஆயர்களுக்கு வார்டிலேயே வைத்துக் கொடுக்கும் பயிற்சி அது. முறை எளிது, அனுபவித்தால்தான் அதன் கொடுமை தெரியும். காலையில் ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது குறிப்பு எடுக்கக் கூடாது. அறைக்குத் திரும்பி வந்து, அவர் என்ன சொன்னார், நாம் என்ன சொன்னோம், எங்கே மௌனம், எங்கே அவர் ஜன்னலைப் பார்த்தார் என்று நாடகம் போல வரிக்கு வரி எழுத வேண்டும். பிற்பகலில் அதைக் குழுவில் படிக்க வேண்டும். எல்லோருடைய தாளிலும் ஒரே காட்சிதான். ஆயர் பேசியவை நீளநீளமான பத்திகள். நோயாளி பேசியவை "ஆமாம் ஐயா", "சரி ஐயா". யாராவது ஒரு நோயாளி "ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை" என்று ஒரு வாசலைத் திறந்திருப்பார். அடுத்த வரியிலேயே ஆயர் பைபிளின் 121-ஆம் சங்கீதத்தை எடுத்து அந்த வாசலைச் சாத்தியிருப்பார்.

இந்த முறையின் தொடக்கத்தில் இருப்பவர் அன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர். 1920-ல் அவருக்கே மனம் பிறழ்ந்து, மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். அங்கே அவரைத் தேடி வந்த மதக்காரர்களுக்கு மதத்தைப் பற்றித் தெரிந்திருக்கலாம், தன் உள்ளே என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை என்று அவருக்குப் பட்டது. குணமாகி வெளியே வந்தவர், மாசசூசெட்ஸில் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் சாப்ளினாகச் சேர்ந்தார். 1925 கோடையில் சில இறையியல் மாணவர்களை அங்கே அழைத்துவந்தார். புத்தகங்களைப் படிப்பது போலவே மனிதர்களையும் படிக்க வேண்டும், ஒவ்வொரு நோயாளியும் உயிருள்ள ஆவணம் என்பது அவர் பேச்சு. ஏர்வாடியை அறிந்த எனக்கு அவர் அந்நியராகத் தெரியவில்லை. கட்டிப்போடப்பட்ட பக்கத்திலிருந்து வந்தவர் அல்லவா.

பயிற்சி முடித்து வந்து வேலையில் அமர்ந்தபோது எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. அனுமதி கேட்டுத்தான் ஜெபிப்பேன். குரலைத் தாழ்த்துவேன். முஸ்லிம் நோயாளி கடைசி நிலையில் இருந்தால் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓத ஆள் வர பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போடுவேன். கத்தோலிக்கர் என்றால் நோயில் பூசுதலுக்குப் பங்குத்தந்தையை வரவழைப்பேன். இந்துக் குடும்பம் என்றால், வாயில் இரண்டு சொட்டுத் தீர்த்தம் விட நர்சிடம் பேசி இடம் செய்துகொடுப்பேன். தனுஷ்கோடிப் புயலில் உறவுகளைப் பறிகொடுத்த ஒரு பாட்டி, "கடவுள் சித்தம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், 1964-லேயே அதைப் போதுமான அளவு கேட்டுவிட்டேன்" என்று முன்கூட்டியே எச்சரித்தார். அந்தச் சொல்லையும் என் வாயிலிருந்து எடுத்துவிட்டேன். இதற்கு மேல் கற்க என்ன இருக்கிறது என்றிருந்தபோதுதான் அந்தப் பாம்பன்காரர் வந்தார்.

நோட்டுப் புத்தகம்

ஐம்பது வயது இருக்கும். சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்திருந்தவர். வாயில் புகையிலை அடக்கும் பழக்கம். கன்னத்தில் வந்த புண்ணைப் பல்லின் குற்றம் என்று நாளைக் கடத்தி, பிறகு புற்றுநோய் என்று தெரிந்து, தாடையிலும் நாக்கிலும் பாதியை எடுத்துவிட்டார்கள். பேச்சு இல்லை. மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி. பேச வேண்டியதைப் பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டில் எழுதிக் காட்டுவார். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. எழுத்து பெரிதாக, கோட்டுக்கு அடங்காமல் இருக்கும்.

அவர் கத்தோலிக்கர். கழுத்தில் செபமாலை கிடந்தது. அதனால் நான் நுழைந்ததும், வழக்கப்படி, "ஜெபிக்கட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் நோட்டை எடுத்தார். நிதானமாக எழுதினார். "ஜெபம் வேண்டாம் டீச்சர். உட்காருங்கள்."

உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் எழுதவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. நல்ல வெயில் நேரம், மின்விசிறி ஒரு பக்கமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நேரம் போகப் போக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பார்க்க வேண்டிய வேறு நோயாளிகள் இருந்தார்கள் என்பது ஒரு காரணம். ஆனால் அது காரணம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. எப்படி எழுந்து போவது என்று தெரியவில்லை, அதுதான் காரணம். கடைசியில் நானே, "ஏன் அண்ணாச்சி, ஜெபத்தின் மேல் கோபமா?" என்றேன். சிரித்தார் என்று நினைக்கிறேன். பாதித் தாடையில் சிரிப்பு எது, வலி எது என்று அடையாளம் காண்பது கடினம். எழுதினார்: "கோபம் இல்லை. ஜெபம் முடிந்தால் எல்லோரும் போய்விடுகிறார்கள்."

அந்த வரியை இத்தனை ஆண்டுகளாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். எங்கள் வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். எந்தக் கிறிஸ்தவ வீட்டுக்குப் போனாலும், பேச்செல்லாம் முடிந்து, காபி குடித்து, "சரி, ஒரு ஜெபம் செய்துவிட்டுக் கிளம்புகிறோம்" என்போம். நோயாளியிடம் இன்னும் சீக்கிரம். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, நாற்றம் தாங்கவில்லை, சொல்ல ஒன்றும் இல்லை, உடனே கண்ணை மூடி ஜெபம். ஆமென் என்றதும் கால்கள் தானாக வாசல் பக்கம் திரும்பிவிடும். அந்த மனிதர் கட்டிலில் கிடந்தபடி இதை எத்தனை தரம் பார்த்திருப்பார்! உறவினர்கள், பங்கு மக்கள், மற்ற சபைக்காரர்கள், எல்லோரும் வந்தார்கள், ஜெபித்தார்கள், போனார்கள். நான் அனுமதி கேட்டது நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஜெபம் யாருக்காக என்ற கேள்வியை வேலூரில்கூட யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவர் என்னிடம் எழுதிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இன்று காற்று என்ன? வார்டுக்குள் காற்று ஏது? ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடம். பிறந்ததிலிருந்து வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே வாழ்ந்தவருக்குக் காற்றின் திசை தெரியாமல் ஒரு நாளைத் தொடங்கத் தெரியவில்லை. நான் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பெண், எனக்கு வாடையும் தெரியாது சோழகமும் தெரியாது. மண்டபம் ஊரில் இருந்த எங்கள் சபை ஊழியரான உபதேசியாருக்குக் காலையில் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு போவேன். "வாடை ஓய்ந்துவிட்டதாம் அண்ணாச்சி, கொண்டல் அடிக்கிறதாம், வடகடல் குளம் போலக் கிடக்கிறதாம்." அவர் தலையாட்டுவார். சில நாள் நம்பமாட்டார். "உபதேசியார் கரையில் நின்று பார்த்தாரா, வீட்டிலிருந்தே சொல்கிறாரா?" என்று எழுதுவார். இதற்காக உபதேசியார் விடிவதற்கு முன்னால் கடற்கரைக்குப் போய் நின்றிருக்கிறார். அவர் கத்தோலிக்கர், நாங்கள் புரொட்டஸ்டண்ட் என்ற பேச்செல்லாம் அந்த விஷயத்தில் எழவே இல்லை.

காற்றிலிருந்து படகுக்கு வந்தோம். படகிலிருந்து கடனுக்கு. மீன் வாங்கும் கம்பெனிக்காரர் கொடுத்த முன்பணம் முழுதாக அடையவில்லை. முன்பணம் நிற்கும்வரை பிடிப்பதையெல்லாம் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். தான் போய்விட்டால் அந்தக் கயிறு மகன் கழுத்தில் விழும் என்ற பயம் அவருக்கு. நோய் என்னவென்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று மனைவியும் மைத்துனரும் என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டிருந்தார்கள். நோட்டைப் படித்தால் அவருக்கு எல்லாம் தெரியும். மனைவிக்குத் தெரியக் கூடாது என்று அவரும் எச்சரிக்கையாக இருந்தார். லண்டனில் 1967-ல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், சாகக் கிடப்பவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதில் இருக்கிறது, குடும்பத்தில் இருக்கிறது, கடவுளோடு உள்ள வழக்கில் இருக்கிறது, எல்லாம் சேர்ந்து ஒரே வலி என்று சொன்னவர். பாம்பன்காரருக்கு அதில் கம்பெனிக்காரரின் கணக்கும் சேர்ந்திருந்தது. நோட்டை மனைவியிடம் காட்டலாமா என்று அவரையே கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் நோட்டை மனைவியின் மடியில் அவரே வைத்தார். அந்த அம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை நான் வெளியே வராந்தாவில் இருந்தேன். உள்ளே என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. மறுநாள் மைத்துனர் கம்பெனிக்காரரைப் பார்க்கப் போனார் என்பது மட்டும் தெரியும்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. அன்று அவர் முகத்தில் ஒரு தெளிவு. காரணத்தை எழுதினார்: "இப்போது எல்லாப் படகும் கரையில்." தன் படகு மட்டும் சும்மா கிடக்கிறது என்ற வெட்கம் அதோடு போய்விட்டது. அந்த வாரத்தில்தான் ஒரு நாள் ஜெபிக்கச் சொன்னார். தனக்காக அல்ல, படகுக்காக. பதிவு எண்ணை முழுதாக எழுதிக்கொடுத்தார். எண்ணைச் சொல்லி ஜெபிக்க வேண்டுமாம், கடவுளுக்குப் படகு மாறிவிடக் கூடாதாம். எண்ணைச் சொல்லியே ஜெபித்தேன். ஆமென் சொல்லிவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணைத் திறந்து நான் இருக்கிறேனா என்று பார்த்தார். தடைக்காலம் முடிவதற்குள் ஊருக்கு எடுத்துப்போய்விட்டார்கள். பாலத்தைத் தாண்டும்வரை உயிர் இருந்தது என்று உபதேசியார் போனில் சொன்னார்.

படிவத்தில் இல்லாத கட்டம்

எங்கள் மருத்துவமனையில் சாப்ளின்கள் மாதம்தோறும் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். ஜெபித்த நோயாளிகள் எத்தனை, விநியோகித்த சுவிசேஷப் பிரதிகள் எத்தனை, நடத்திய ஆராதனைகள் எத்தனை என்று கட்டங்கள். பாம்பன்காரர் இருந்த மாதங்களில் என் எண்ணிக்கை சரிந்தது. கமிட்டியில் ஒருவர், பெரிய வியாபாரி, "சும்மா உட்கார்ந்திருக்கவா அம்மா சம்பளம்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். கொஞ்சம் திமிரும் இருந்திருக்கலாம். படிவத்தை மாற்றக் கேட்டு எழுதிக்கொடுத்தேன், மாறவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பணியிடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். வாரம் ஒரு முறை சபை ஆயர் ஒருவர் வந்து எல்லா வார்டுகளுக்கும் சேர்த்து வராந்தாவில் நின்று ஜெபித்துவிட்டுப் போகிறார். எண்ணிக்கை இப்போது நன்றாக இருக்கும்.

பைபிளில் யாக்கோபு நிருபத்தில் நோயாளிக்கு எண்ணெய் பூசும் பகுதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அங்கே ஒருவன் வியாதிப்பட்டால் சபை மூப்பர்களை வரவழைக்க வேண்டியவன் அவனேதான். மூப்பர்கள் தாங்களாகக் கிளம்பி வருவதாக இல்லை. சுவிசேஷத்தில் வரும் பர்திமேயு கதையும் அப்படித்தான். குருடன், வழியோரம் உட்கார்ந்து கத்துகிறான், அவனுக்கு என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் இயேசு அவனைக் கூப்பிட்டு, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். அந்த ஜெபக்குழு இளைஞரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய பிரச்சினை வேத அறிவு இல்லை. வார்டில் இருபது கட்டில், பார்வையாளர் நேரம் ஒரு மணி. எல்லாக் கட்டிலையும் முடிக்க வேண்டும் என்று கிளம்பியவருக்கு ஒரு கட்டிலில் உட்கார நேரம் எங்கே?

இப்போது எங்கள் பகுதிச் சபைகளில் வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அவ்வப்போது வகுப்பு எடுக்கிறேன். 2021-ல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு, வலி நிவாரண சிகிச்சைக்கான நர்சுகள் வீட்டுக்கே வருகிறார்கள். உடம்பின் வேலையை அவர்கள் பார்க்கிறார்கள், நாம் போய் எதைப் பார்ப்பது என்ற கேள்வி அதனாலேயே கூர்மையாகிவிட்டது. வகுப்பில் நான் சொல்வது கொஞ்சம்தான். கேட்டால் ஜெபியுங்கள். கேட்டாலும் போன உடனேயோ கிளம்பும் நேரத்திலோ ஜெபிக்காதீர்கள், நடுவில் ஜெபியுங்கள், பிறகும் உட்கார்ந்திருங்கள்.

போன மாதம் மண்டபத்தில் வகுப்பு. கடைசி வரிசையில் நம் பழைய உபதேசியார், எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம். எல்லாம் கேட்டு முடித்துக் கையைத் தூக்கினார். "அம்மா, எல்லாம் சரி. ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பக் கூடாது என்கிறீர்கள். பிறகு எப்படித்தான் எழுந்து வருவது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

"'போய் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு வாருங்கள் ஐயா" என்றேன்.

"சாகக் கிடக்கிற வீட்டில் அப்படிச் சொல்லலாமா?"

"அது துக்க வீட்டில்தான் ஐயா சொல்லக் கூடாது. இவர் உயிரோடு இருக்கிறாரே."

அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம், சொல்லிவிட்டால் அப்புறம் திரும்பப் போயாக வேண்டுமே என்று முணுமுணுத்தார். வெள்ளிக்கிழமை வேதாளைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகிறோம், தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.